கோடம்பாக்கத்தில் கதை சொல்லும் வழக்கம்

தமிழ்த் திரையுலகில் தயாரிப்பாளர் பெரும்பாலும் கதையைப் படிப்பதில்லை, கேட்கிறார். இயக்குநரோ எழுத்தாளரோ எதிரில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை வாய்மொழியாகச் சொல்ல, கேட்டவர் அங்கேயே அல்லது சில நாள் கழித்துத் தன் முடிவைச் சொல்லும் முறை தலைமுறைகளாக நீடித்து வருகிறது. பேசும்பட காலத்தின் தொடக்கத்தில் இந்த வழக்கம் இவ்வளவு பரவலாக இல்லை. நாடக மேடை, ஸ்டூடியோவின் கதை இலாகா, தனி எழுத்தாளரின் குரல், எழுத்துப் பிரதி என்று கதை தயாரிப்பாளரைச் சென்றடையும் வழி மாறிக்கொண்டே வந்தது. அதோடு கதைக்கு உரியவரின் மதிப்பும் பாதுகாப்பும் மாறின.

1931இல் ‘காளிதாஸ்’ வெளியான பிறகு வந்த படங்களில் பல, மேடையில் ஓடிக்கொண்டிருந்த புராண நாடகங்களே. எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படமான ‘பவளக்கொடி’யும் (1934) அவர் மேடையில் நடித்துப் புகழ் பெற்ற நாடகம்தான். கே.ஆர்.ராமசாமியின் குழு நடத்திய அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949இலும் ‘ஓர் இரவு’ 1951இலும் படமாயின. ‘பராசக்தி’ (1952), ‘சர்வர் சுந்தரம்’ (1964) ஆகியவற்றுக்கும் மூலம் நாடகமே. எந்த இடத்தில் கூட்டம் கைதட்டுகிறது, எங்கே கண் கலங்குகிறது என்பதை அரங்கில் உட்கார்ந்தே தயாரிப்பாளர் தெரிந்துகொண்டார். நாடக ஆசிரியர் தனியாக யாரிடமும் போய்க் கதை சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

பத்திரிகைத் தொடர்கதை இன்னொரு வாசலைத் திறந்தது. எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் படமானது, எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் இது. இதன் கதையும் ‘பதிபக்தி’ நாடகத்தின் கதையும் ஒன்றே என்று வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் மூலம் ஆங்கில எழுத்தாளர் எலன் வுட் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ நாவல் என்று வாசன் ஒப்புக்கொண்டதும் சச்சரவு தீர்ந்தது. கதை யாருடையது என்ற கேள்வி, தமிழ் சினிமா பேசத் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் நீதிமன்றம் ஏறிவிட்டது.

1940களில் ஸ்டூடியோக்கள் வலுப்பெற்றபோது கதையை வெளியில் தேடுவதற்குப் பதிலாக உள்ளேயே உருவாக்கும் ஏற்பாடு வந்தது. வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், நைனா, வேப்பத்தூர் கிட்டு ஆகியோர் கதை இலாகாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அந்த இலாகா இயங்கிய விதத்துக்குச் ‘சந்திரலேகா’ (1948) நல்ல சான்று. வாசனிடம் சொல்லப்பட்ட ஒரு கதை அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் நாயகியின் பெயர் மட்டும் பிடித்துப்போய், அந்தப் பெயரில் படத்தை அறிவித்துவிட்டார். கதை இலாகா மாதக்கணக்கில் முயன்றும் பெயருக்கேற்ற கதை அமையவில்லை. பொறுமையிழந்த வாசன், இதை விட்டுவிட்டு ‘ஔவையார்’ எடுக்கப்போவதாகச் சொல்லிக் கடைசியாக ஒரு வாரம் கெடு கொடுத்தார். அந்த நாட்களில் வேப்பத்தூர் கிட்டு, ஜி.டபிள்யூ.எம்.ரெனால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலைப் புரட்டினார். இரவில் செல்லும் கோச்சு வண்டியைக் கொள்ளையர் மறிக்கிறார்கள். உள்ளே ஓர் இளம்பெண் ஒளிந்திருக்கிறாள். அவளை ஆடச் சொல்கிறார்கள். அவள் தப்பி ஓடுகிறாள். இந்தத் தொடக்கத்தைத் தமிழ் மண்ணுக்கேற்ப மாற்றி அவர் சொன்னதும் வாசன் சம்மதித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தியா முழுவதும் ஓடிய அந்தப் படம்.

கதை இலாகாவில் இருந்தவருக்கு மாதச் சம்பளம் உறுதி. ஒரு கதை தள்ளப்பட்டாலும் மறுநாள் இன்னொன்றைச் சொல்லலாம். இந்த ஏற்பாடு வேறு நிறுவனங்களிலும் தொடர்ந்தது. சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸில் தூயவன், கலைஞானம் போன்றவர்கள் கதை இலாகாவில் பணியாற்றினார்கள். கலைஞானம் பிறகு தாமே தயாரிப்பாளராகி ‘பைரவி’யை (1978) எடுத்து, ரஜினிகாந்தைத் தனி நாயகனாக்கினார்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் வாசல் முழுக்க மூடியிருக்கவில்லை. அகில இந்திய வானொலி ஏற்காத நாடகம் ஒன்றை எஸ்.பாலசந்தர் ஏவி.மெய்யப்பனிடம் கதையாகச் சொல்ல, அது பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ (1954) ஆனது. ஏவி.எம்.மில் தம் கதை ஏற்கப்படாத ஸ்ரீதர், டி.கே.எஸ். சகோதரர்களை அணுகினார். அவர்கள் மேடையேற்றிய ‘ரத்த பாசம்’ நாடகம் 1954இல் படமாகி ஸ்ரீதருக்குத் திரையுலகில் இடம் தந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டதும் கதையைக் கைவிடாமல் அதற்கேற்ற வேறு இடத்தைத் தேடிச் சென்றது, பின்னால் வந்த பலருக்கும் பாடமாக அமைந்தது.

கதை சொல்லும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை அதே ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படமே பதிவு செய்திருக்கிறது. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக வரும் நாகேஷ், பணம் போட வேண்டிய அப்பா பாலையாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்கிறார். காலடி ஓசை, கதவின் கிறீச்சொலி, இருட்டின் அமைதி எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகின்றன. பாலையாவின் முகம் வெளிறிக்கொண்டே போகிறது. கதை சொல்பவர் பின்னணி இசையும் நடிப்பும் படத்தொகுப்பும் தாமே ஆகிவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1970களில் ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்து தனித் தயாரிப்பாளர்கள் பெருகினர். சம்பளம் தரும் கதை இலாகா அருகியது. வடபழனி, தியாகராய நகர், திருவல்லிக்கேணி அறைகளில் தங்கியிருந்த உதவி இயக்குநர்கள் தாமே கம்பெனி கம்பெனியாக ஏறிக் கதை சொல்லத் தொடங்கினார்கள். பாரதிராஜா ‘மயில்’ என்ற பெயரில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உதவியோடு எடுக்க நினைத்த கதை அங்கே கைகூடவில்லை. எஸ்.ஏ.ராஜ்கண்ணு முன்வந்ததால் அது ‘16 வயதினிலே’ (1977) ஆனது.

கதை சொல்வதற்கென்று ஓர் ஒழுங்கும் உருவானது. முதலில் கதையின் சாரத்தை ஓரிரு வரியில் சொல்லும் ஒன்லைன், பிடித்திருந்தால் பாடல் வரும் இடங்கள், இடைவேளைக் காட்சி, கிளைமாக்ஸ் உட்பட முழுக்கதை. ஒப்புக்கொண்டால் டோக்கன் அட்வான்ஸ். பிறகு ரூம் போட்டு டிஸ்கஷன். பதில் வராவிட்டால் புரொடக்‌ஷன் மேனேஜர் வழியாகவே நினைவூட்ட வேண்டும். “அடுத்த வாரம் வாங்க” என்பது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் ஏராளம். அந்தக் காத்திருப்புக்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை.

வாய்மொழிக்கு இன்னொரு குறையும் உண்டு: சொன்னதும் கேட்டதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் எடுத்த ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தைத் தயாரிப்பாளர் வேணு செட்டியார் ஏற்றது, அண்ணன் தங்கை கதை என்று கேட்ட அளவில்தான். முடிந்த படத்தில் வசனம் மிகக் குறைவாக இருந்தது கண்டு அவர் திகைத்துப்போனார். அந்தப் படம் வெற்றி பெற்றதால் மனக்கசப்பு நிலைக்கவில்லை.

அதே 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. தம் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தை 1955இல் இயக்குநர் மோகன் செகலுக்கு முழுவதும் படித்துக் காட்டியதாகவும், ‘நியூ டெல்லி’ (1956) படம் அதன் நகல் என்றும் நாடக ஆசிரியர் ஆனந்த் வாதிட்டார். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று கூறி நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. வெறும் ஒன்லைனைச் சொல்லிவிட்டு வருபவருக்குச் சட்டத்தில் பிடிப்பு மிகக் குறைவு என்பது இதனால் உறுதியானது.

விரிவாக எழுதிப் பதிவு செய்வதே இதற்குத் தற்காப்பு. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவு செய்கிறது. 2018இல் ‘சர்கார்’ படத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையில், உதவி இயக்குநர் ஒருவர் 2007இல் அங்கே பதிவு செய்திருந்த ‘செங்கோல்’ என்ற கதையே ஆதாரமாக நின்றது. கே.பாக்யராஜ் தலைமையிலான சங்கம் இரண்டுக்கும் ஒற்றுமை இருப்பதாகக் கூறியது; விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. பதினோர் ஆண்டுகள் கழித்தும் அந்தப் பதிவு எழுதியவரின் பக்கம் பேசியது.

இதற்கிடையே, 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி தொடங்கியதும் குறும்படம் புதிய அறிமுகச் சீட்டானது. கார்த்திக் சுப்புராஜ் (‘பீட்சா’, 2012), நலன் குமாரசாமி (‘சூது கவ்வும்’, 2013) ஆகியோர் இவ்வழியில் வந்து சி.வி.குமாரின் தயாரிப்பில் அறிமுகமானார்கள். பேச்சுத் திறன் குறைந்தவர்களுக்கும் தங்கள் காட்சி மொழியைக் காட்ட இது வழி செய்தது.

இன்று பெரிய நிறுவனங்களும் ஓடிடி தளங்களும் கதைச் சுருக்கத்தையும் முழுதாக எழுதி முடித்த பவுண்ட் ஸ்கிரிப்டையும் முன்கூட்டியே கேட்கின்றன. கதையைப் பதிவு செய்துவிட்டு அனுப்புவது, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னோம் என்பதை மின்னஞ்சலில் உறுதி செய்வது, நியாயமான இடைவெளி விட்டு ஒருமுறை நினைவூட்டுவது, அட்வான்ஸ் வாங்கும்போதே ஒப்பந்தத்தில் பெயர், தொகை, காலக்கெடு ஆகியவற்றை எழுதிக்கொள்வது ஆகியவை தொழில்முறை நடைமுறைகளாகி வருகின்றன. நேரில் கதை சொல்வதும் தொடர்கிறது. நடிகரின் கால்ஷீட்டும் தயாரிப்பாளரின் நம்பிக்கையும் பெரும்பாலும் அந்த அறையில்தான் கிடைக்கின்றன. ஆனால் சொன்ன கதைக்கு உரிமை கோர, எழுதிப் பதிவு செய்த பிரதி கையில் இருந்தாக வேண்டும்.