ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில், செய்துங்கநல்லூரைக் கடந்தபின், தாமிரபரணியின் தென்கரையில் செம்மண்ணும் பருக்கைக் கல்லுமாக ஒரு மேட்டு நிலம் கிடக்கின்றது. ஊரார் அதனைப் பரம்பு என்பர். பயிர் ஏறாத அந்த 114 ஏக்கர் நிலத்தில்தான், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், தம்முள் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்தனர். ஆற்றோரத்து நன்செய்யை வாழ்வோர்க்கு விட்டு, கற்பாங்கான மேட்டை இறந்தோர்க்கு ஒதுக்கிய அவர்களது முன்யோசனை பாராட்டத்தக்கது.

1876ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கு வந்து அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரே என்னும் ஆங்கிலேய அதிகாரி முறைப்படி அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு ஆயுதங்கள் ஆகியன வெளிவந்தன. அவற்றைச் சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் கண்டோர் நம்மில் பலர் உண்டு. ஆனால் அறிஞர் உலகத்தைப் பெரிதும் ஈர்த்தவை பொன்னும் வெண்கலமும் அல்ல. தாழிக்குள் இருந்த மண்டையோடுகளே.

ஈர்த்த காரணத்தைச் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டு உடற்கூற்று அறிஞர் ரெட்சியசு, 1840களில் ஓர் எளிய கணக்கை வகுத்தார். மண்டையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குக. விடை 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80க்கு மேற்பட்டால் அகன்ற தலை, இடைப்பட்டது நடுத்தலை. இக்கணக்கைக் கொண்டு மாந்தரை இனம் இனமாகப் பிரித்துவிடலாம் என்று ஐரோப்பாவில் பலர் நம்பினர். ஆதிச்சநல்லூர் ஓடுகளும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டன. 1930ஆம் ஆண்டில் சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீடாக வந்த சுக்கர்மன் என்பாரின் ஆராய்ச்சி அவற்றையே பொருளாகக் கொண்டது. ஓர் ஓடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரை ஒத்தது, மற்றொன்று மத்தியதரைக் கடற்கரையினரை ஒத்தது என்ற பேச்சு அக்காலத்தில்தான் எழுந்து, பின்வந்த வரலாற்று நூல்களில் வேரூன்றியது.

இந்த அளவுகோல் நம் கல்கத்தாவிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1931ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கை ஒட்டி நாடெங்கும் தலைகளை அளந்து, இந்தியரை ஆறு பெரும் இனங்களாகப் பிரித்தவர் வங்காள அறிஞர் குஹா. நம் பிள்ளைகளின் பாடநூல்களில் வந்த நீக்ரிட்டோ, தொல்-ஆஸ்திரலாயிடு என்ற பெயர்கள் அப்பட்டியலைச் சேர்ந்தவையே. 1945இல் தோன்றிய இந்திய மானிடவியல் ஆய்வுத்துறையின் முதல் தலைவரும் அவரே. அத்துறை 1948இல் காசியிலிருந்து இங்கு வந்து, சௌரங்கியில் உள்ள இந்தியன் மியூசியத்தில் அமர்ந்தது. 1961இல் கட்சிலா அருகே நேர்ந்த ரயில் விபத்தில் குஹா உயிரிழந்தார். இரண்டாண்டு கழித்து, சாட்டர்ஜி, குப்தா என்னும் இருவர் ஆதிச்சநல்லூர் எலும்புகளைப் பற்றி எழுதிய அறிக்கையை அத்துறையே வெளியிட்டது. நாம் பாலிகஞ்சிலிருந்து டிராம் ஏறிச் சென்று வேடிக்கை பார்த்த அந்த மியூசியத்திற்கும் தாமிரபரணிக் கரைக்கும் இத்தகைய தொடர்பு உண்டென்பதை நம்மவர் பலர் அறியார்.

நம் அண்டை வீட்டு வங்காள அன்பர்கள், "நீங்களெல்லாம் திராவிட இனம் அல்லவா?" என்று அன்போடு கேட்பதுண்டு. நாமும் மார்தட்டி ஆம் என்போம். ஆனால் திராவிடம் என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். மண்டையோடு எந்த மொழியையும் பேசுவதில்லை. தாழிக்குள் கிடந்தவர் தமிழ் பேசினாரா என்பதை அகலத்தை நீளத்தால் வகுத்துக் காண இயலாது.

இதனினும் வலிய சான்று ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அதுவும் நம்மைப் போன்று பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் போன குடும்பங்களிடமிருந்து. பிரான்சு போவாசு என்னும் அறிஞர், 1908 முதல் நியூயார்க்கில் குடியேறிய யூதர், இத்தாலியர் முதலியோரில் ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். அகன்ற தலை வாய்ந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கு அங்குப் பிறந்த மக்களின் தலை சற்று நீண்டிருந்தது. நீள்தலையரான சிசிலியரின் மக்களுக்கோ சற்று அகன்றிருந்தது. ஒரு தலைமுறைக்குள் மாறும் ஒன்றை மூவாயிரம் ஆண்டு இனமுத்திரை என்று எவ்வாறு கொள்வது? அம்மாற்றத்தின் அளவு எவ்வளவு என்பதில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் மறுகணக்குப் பார்த்த அறிஞர்கள் தம்முள் மாறுபட்டனர். ஆயினும் ஓர் எண்ணைக் கொண்டு இனத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் அறிஞர் சபையில் செல்வாக்கிழந்து விட்டது.

ஓர் அளவை மட்டும் நம்பாமல் பல அளவுகளை ஒருங்கே நிறுத்தி, இரு மக்கட்கூட்டங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கணிக்கும் முறை பிறந்ததும் இந்நகரிலேயே. மியூசியத்து அனந்தேல் துரை எடுத்துவைத்த ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயத் தொடங்கிய மகலனோபிசு, 1936இல் அம்முறையை வெளியிட்டார். அவருடைய நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற சி.ஆர். ராவ், சூடான் நாட்டு ஜெபல் மோயாவில் அகழ்ந்தெடுத்த பழைய எலும்புகளின் மீது அதனைச் செலுத்திப் பார்த்தார்.

அங்ஙனமாயின் பழைய ஓடுகளால் பயனில்லையோ? மிகுதியும் உண்டு. வினா வேறாக வேண்டும், அவ்வளவே. பல் தேய்ந்த அளவைக் கொண்டு வயதை மதிக்கலாம். புருவமேட்டையும் இடுப்பெலும்பையும் கொண்டு ஆண், பெண் என அறியலாம். பல்லின் மேற்பூச்சில் காணும் குறுக்குக் கோடுகள், குழந்தைப் பருவத்தில் அவர் பட்ட பசியையோ காய்ச்சலையோ காட்டும். அதே மேற்பூச்சில், இளமையில் அவர் குடித்த நீரும் உண்ட உணவும் எந்த மண்ணைச் சேர்ந்தவை என்பதும் ஒருவாறு பதிந்து கிடக்கின்றது. ஆகவே பிறந்த ஊர் ஒன்றும் புதைந்த ஊர் வேறுமாக இருந்தவரைக் கண்டுபிடிக்க இயலும். அரிசி ஒருபுறமும் பருப்பு ஒருபுறமும் லாரியில் வந்திறங்கும் இக்காலத்தில் நம் பிள்ளைகளின் பற்களைக் கொண்டு அவ்வாறு சொல்வது அரிது. பரம்பில் துயில்வோர்க்கு அத்தொல்லை இல்லை.

ஆனால் இவை யாவும் பதிவேட்டைப் பொறுத்தவை. சீட்டுக் கிழிந்த பார்சல், உள்ளே பொன்னே இருந்தாலும், உரியவரிடம் போய்ச் சேராது; கிடங்கில்தான் கிடக்கும். எந்தத் தாழி, எந்த ஆழம், அருகில் என்ன கலம் என்ற குறிப்பு இல்லாத மண்டையோடும் அத்தகையதே. 2004, 2005ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் துறை மீண்டும் அகழ்ந்தபோது 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அவ்வகழ்வின் முழு அறிக்கைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கும் சென்றது. 2019இல் வெளியான கரிமக் கணிப்பில் ஒரு பொருளின் காலம் கி.மு. 905 எனத் தெரியவந்தது.

இதற்கிடையே கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த இரு ஆடவர் ஓடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் முகங்களை வரைந்து 2025இல் வெளியிட்டனர். பார்க்க அழகாகவே உள்ளன. ஆயினும் எலும்பு முகத்தின் வடிவைத் தரும். தோலின் நிறமும் கண்ணின் நிறமும் வரைந்தோர் ஊகித்துச் சேர்த்தவை.

ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த இடத்திலேயே 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகளை அவை கிடந்த குழிகளிலேயே விட்டு மேலே கண்ணாடி பதித்துள்ளனர். கோடை விடுமுறைக்குத் தெற்கே செல்லும் அன்பர்கள், திருச்செந்தூர்த் தரிசனத்திற்குப் போகும் வழியிலேயே குழந்தைகளுடன் இறங்கிப் பார்த்து வரலாம்.