உறையா, மருந்தா? அமெரிக்கத் தனிவடிவ வேட்டைத் தோட்டாக்களின் வரலாறு (1906–2007)

முன்னுரை

வேட்டைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துப்பாக்கியையே மையமாகக் கொள்வர்; அதனுள் இடப்படும் தோட்டாவைத் துணைப்பொருளாகவே கருதுவர். ஆயின் 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் நெடுந்தொலைவு வேட்டை வளர்ந்த விதத்தைத் தோட்டாவின் வரலாறின்றி விளக்க இயலாது. தொழிற்சாலைத் தோட்டாக்களில் நிறைவுகொள்ளாத துப்பாக்கிக் கம்மியரும் வேட்டையாளரும் தமக்கெனப் புதிய தோட்டாக்களை வடிவமைத்தனர். காட்டுப்பூனை எனப் பொருள்படும் 'வைல்ட்கேட்' என்னும் பெயரால் அவை வழங்கப்பட்டன. அவற்றுள் சில நிலைபெற்றன, பல மறைந்தன. இவ்வேறுபாட்டிற்கு வடிவமைத்தவரின் திறனையே காரணமாகச் சுட்டுவது வழக்கம். உறையின் வடிவத்தினும் வெடிமருந்து, குழலின் திருகுவரி, உறையின் கிடைப்பு ஆகியனவே தோட்டாவின் நிலைபேற்றை முடிவுசெய்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கைநிரப்பலின் அடிப்படை

தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளை உறை, அதன் அடியில் பொருந்தும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்டபின் மீண்டும் பயன்படுவது உறை மட்டுமே. அதனை அச்சில் இட்டு உரிய அளவிற்குக் கொணர்ந்து, புதிய பிரைமரும் அளந்த மருந்தும் குண்டும் சேர்ப்பதே கைநிரப்பல். இக்கலை அமெரிக்காவில் வேரூன்றியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுண்டு. பிரித்தானியப் படை அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் வகுத்த பிரைமர் முறையில் உறையின் அடி நடுவே ஒரே துளை இருக்கும். ஊசியால் தள்ளினால் பழைய பிரைமர் வெளியேறும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வகுத்த முறையில் நடுப்பகுதி உறையோடு ஒன்றிய அடைகல்லாக அமைய, அதன் இருபுறமும் சிறு துளைகள் இருக்கும், ஊசிக்கு வழியில்லை. பிரித்தானியர் வகுத்தது அமெரிக்காவிலும், அமெரிக்கர் வகுத்தது ஐரோப்பாவிலும் பரவியது ஒரு வரலாற்று முரண். அம்முரணே அமெரிக்க வேட்டையாளரின் வீட்டு மேசையைச் சிறு ஆய்வுக்கூடமாக்கியது.

மருந்துக்காகக் காத்திருந்த தோட்டா

அமெரிக்கப் படை 1906-இல் ஏற்ற .30-06 தோட்டாவின் உறை பெருமளவில் கிடைத்தது. பல தனிவடிவத் தோட்டாக்களுக்கு அதுவே தாயுறையாயிற்று. அதன் கழுத்தைச் சுருக்கி மெல்லிய குண்டைப் பொருத்தினால் வேகம் கூடும், குண்டின் பாதை தட்டையாகும், தொலைவைத் தவறாகக் கணித்தாலும் இலக்கு தப்பும் வாய்ப்புக் குறையும் என்பது அன்றைய எண்ணம். பஃபலோ நகர வழக்கறிஞர் சார்லஸ் நியூட்டன் இவ்வெண்ணத்தின் முன்னோடி. அவர் வடிவமைத்த .250 தோட்டாவைச் சாவேஜ் நிறுவனம் 1915-இல் வெளியிட்டது. விநாடிக்கு 3000 அடி என்னும் வேகத்தை விளம்பரப்படுத்த வேண்டி, நிறுவனம் 87 கிரெயின் எடையுள்ள இலகுவான குண்டைத் தேர்ந்தது. வேட்டையின் தேவையினும் விளம்பர எண் முன்னின்றதற்கு இது தக்க சான்று.

1920-ஐ ஒட்டி ஏ.ஓ. நீட்னர் .30-06 உறையின் கழுத்தைக் கால் அங்குலக் குண்டிற்கு ஏற்பச் சுருக்கி .25-06 தோட்டாவை உருவாக்கினார். வடிவில் குறையில்லை, எனினும் அதன் முழுத்திறன் வெளிப்படவில்லை. பெரிய உறையில் எழும் வாயு சிறிய குழலின் வழியே செல்ல வேண்டியிருப்பதால், விரைந்து எரியும் மருந்து குண்டு சிறிது நகர்வதற்குள் அழுத்தத்தை உச்சத்திற்குக் கொண்டுசெல்லும். மெல்ல எரியும் மருந்தே இதற்கு உகந்தது. அது அக்காலச் சந்தையில் போதிய அளவில் இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப்பின் நிலை மாறியது. 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்கென உற்பத்தியாகி எஞ்சிய 4831 என்னும் மெதுமருந்தைக் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜன் வாங்கி, கைநிரப்புவோர்க்கு மலிவாக விற்றார். .25-06 புத்துயிர் பெற்றது. 1969-இல் ரெமிங்டன் நிறுவனம் அதனைத் தன் தோட்டாவாகவே ஏற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் மாறியது உறையன்று, மருந்தே.

திருகுவரியின் தீர்ப்பு

1955-இல் ஒரே விட்டமுள்ள குண்டிற்கு இரு தோட்டாக்கள் வெளிவந்தன: வின்செஸ்டரின் .243, ரெமிங்டனின் .244. பின்னதன் உறை சற்றுப் பெரிது. எனவே அதுவே வென்றிருக்க வேண்டும். ஆனால் ரெமிங்டன் தன் குழலில் 12 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்னும் மெதுவான திருகுவரியை அமைத்தது. சிறு விலங்குகளுக்கான இலகுவான குண்டுகளுக்கு அது போதும். மான் வேட்டைக்குரிய 100 கிரெயின் நீள்குண்டை நிலையாகச் சுழற்ற அது போதவில்லை எனக் கருதப்பட்டது. வின்செஸ்டரின் 10 அங்குலத் திருகுவரி இரண்டிற்கும் பொருந்தியது. வாங்குவோர் அதனையே நாடினர். பின்னர் ரெமிங்டன் திருகுவரியை 9 அங்குலமாக மாற்றி, 1963-இல் '6 மி.மீ. ரெமிங்டன்' எனப் பெயரும் மாற்றியது. இழந்த சந்தை மீளவில்லை.

உறை வடிவத்தின் எல்லை

உறையின் வடிவத்தையே ஆராய்ந்தவருள் தலையாயவர் பி.ஓ. அக்லி. துப்பாக்கியின் தோட்டா அறையைச் சற்று அகலமாகக் கடைந்து, அதில் தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டால் உறை விரிந்து புதிய வடிவம் பெறும். சரிவு குறைந்த உடலும் பெரும்பாலும் 40 பாகைத் தோளும் அவர் வடிவத்தின் அடையாளங்கள். உறை அடிக்கடி நீள்வது இதனாற் குறைந்தது; மருந்திற்கான இடமும் கூடியது. ஆயின் இடம் கூடிய விகிதத்தில் வேகம் கூடுவதில்லை. சிறிய குழலுக்கு மருந்தை மிகுத்தால் குழலின் தொடக்கப்பகுதி விரைவில் அரிக்கப்படும். வேகமானி எளிதிற் கிடைக்காத காலத்தில் ஆர்வலர் பலர் கூறிய வேகங்கள் அளவீடுகள் அல்ல, மதிப்பீடுகளே. மிகுவேகம் மிகையழுத்தத்தின் விளைவாகவும் இருக்கலாம். அவற்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

வேகத்திலிருந்து குண்டின் வடிவத்திற்கு

2007-இல் ஹார்னடி வெளியிட்ட 6.5 கிரீட்மோர் தோட்டா இவ்வரலாற்றின் படிப்பினைகளை ஒருங்கே காட்டுகிறது. அது மிகுவேகத்தை நாடவில்லை. காற்றுத்தடையை வெல்லும் நீள்குண்டு, அதற்கேற்ற 8 அங்குலத் திருகுவரி, நீள்குண்டு பொருந்தியும் தோட்டாக்கூட்டில் அடங்கும் குறுகிய உறை ஆகியவை ஒருசேரத் திட்டமிடப்பட்டன. இலக்குச் சுடுபோட்டிக்கெனப் பிறந்த அது விரைவில் வேட்டைக்கும் சென்றது. இங்கு ஒரு வரையறை இன்றியமையாதது. குண்டு சென்றடையும் தொலைவும், அது விலங்கை வதையின்றி வீழ்த்தும் தொலைவும் வேறு. காகித இலக்கில் ஒரு சாண் விலகல் மதிப்பெண் இழப்பு. விலங்கில் அது காயத்தோடு தப்பிச் சென்று மெல்ல மடிதல்.

முடிவுரை

.25-06 மருந்தால் வாழ்ந்தது; .244 திருகுவரியால் வீழ்ந்தது. கிரீட்மோர் உறுப்புகளின் இசைவால் நிலைபெற்றது. எனவே தோட்டாவைத் தனிப்பொருளாகவன்றி, மருந்து, குண்டு, குழல், உறை ஆகியவற்றின் கூட்டமைப்பாகக் காண்பதே பொருத்தம். தனிவடிவத் தோட்டாவைத் தேர்வோர் எதிர்கொண்ட உண்மையான வினா 'எது வேகமானது?' என்பதன்று, 'இதற்கான உறையும் மருந்தும் குண்டும் நாளையும் கிடைக்குமா?' என்பதே. கண்டுபிடிப்பாளரின் பெயரை முன்னிறுத்தும் தொழில்நுட்ப வரலாறுகள் மறைக்கும் உண்மையும் இதுவே: போர் முடிந்தபின் எஞ்சிய பீரங்கி மருந்து, கம்மியர் ஒருவரின் பழைய எண்ணத்திற்கு உயிர் தந்தது.