ஆகாயத்துக்கும் ஒரு சுங்கம்

குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டம் உண்டு. தரையில் வாங்கும் சுங்கம் எல்லோருக்கும் தெரியும். ஆகாயத்திலும் கட்டணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள வானம் சென்னை விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் வெளிநாட்டு விமானம் இந்தியாவில் இறங்காவிட்டாலும் அதன் கம்பெனிக்கு பில் போகும். விமானத்தின் எடை, பறந்த தூரம் இரண்டையும் வைத்துத் தொகை கணக்கிடப்படும்.

இது சுங்கமா? இல்லை. ஒரு நாட்டின் மேல் பறப்பதற்காக மட்டும் காசு வாங்கக் கூடாது என்கிறது 1944-ம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தம். ரேடார், ரேடியோ, கட்டுப்பாட்டாளர்கள் என்று கொடுக்கும் சேவைக்குத்தான் வாங்கலாம். மிளகும் காபியும் பயிரிடும் மலை விவசாயி விமானத்தில் ஏறுவதே இல்லை. அவர் கட்டும் வரியில் இந்தச் செலவைச் செய்வதை விட, பறப்பவரிடமே வாங்குவது நியாயம். இதுவரை பெரிய சண்டை இல்லை. வாங்கும் காசை யார் நிர்வகிப்பது என்பதில்தான் சண்டை.

1996 நவம்பர் 1-ல் கனடா தன் வான் கட்டுப்பாட்டை 150 கோடி கனடா டாலருக்கு 'நாவ் கனடா' என்ற லாப நோக்கற்ற தனியார் அமைப்புக்கு விற்றது. சரியாகப் பதினோரு நாள் கழித்து, நவம்பர் 12-ல், ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம். ஆனால் விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் ரேடார் அன்று டில்லி கட்டுப்பாட்டு மையத்தில் இயங்கவில்லை. கருவிக்கான பணம் காலத்தில் கிடைப்பது எத்தனை முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதற்காகத் தனியார்மயம்தான் மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டன் 2001-ல் தன் 'நாட்ஸ்' நிறுவனத்தின் 46 சதவீதப் பங்கை விமானக் கம்பெனிகளின் கூட்டமைப்புக்கு விற்றது. சில வாரங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. விமானங்கள் குறைந்தன, கட்டண வருமானமும் குறைந்தது. 2003-ல் அரசே மறுபடி பணம் போட வேண்டியிருந்தது. 2002-ல் கம்பெனியாக இயங்கிய ஸ்விட்சர்லாந்தின் 'ஸ்கைகைடு' மையத்தில் இரவில் ஒரே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள்.

இந்தியா நடுவழியில் நிற்கிறது. 1995-ல் இரண்டு அமைப்புகள் இணைந்து இந்திய விமான நிலையங்கள் ஆணையம் உருவானது. 2006-ல் டில்லி, மும்பை விமான நிலையங்கள் தனியாருக்குப் போயின. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தும் அது நிற்கவில்லை. ஆனால் வான் கட்டுப்பாடு மட்டும் ஆணையத்திடமே தங்கியது.

வணிகவியல் பாடத்தில் 'இயற்கை ஏகபோகம்' என்று ஒன்று வரும். ஒரே வானத்துக்கு இரண்டு கட்டுப்பாட்டாளர் இருக்க முடியாது. போட்டி இல்லாத இடத்தில் முதலாளி மாறினால் மட்டும் விலை குறையாது. சேலத்தையே பாருங்கள். 2018-ல் 'உடான்' திட்டத்தில் சென்னையிலிருந்து அங்கே சிறிய விமானம் வந்தபோது வான் வழிக் கட்டணத்தில் சலுகை கொடுக்கப்பட்டது. லாபம் ஒன்றையே பார்க்கும் கம்பெனி அந்தச் சலுகையைத் தானாகக் கொடுக்குமா?

ஆகவே கட்டணம் இருக்கட்டும். அது ரேடாருக்கும் ஆட்களுக்கும் செலவாகிறதா என்று வெளிப்படையாகக் கணக்குக் காட்டட்டும். சுங்கம் வாங்கியவன்தான் பாதைக்கும் காவல் நிற்க வேண்டும்.