வழங்கிகளில் வலையமைப்பு, சேமிப்பகச் செயல்திறன் சோதனை

வழங்கிச் செயல்திறன் சோதனை என்பது, ஒரு வழங்கிக் கணினி வலையமைப்பு வழியாகத் தரவை அனுப்பிப் பெறும் வேகத்தையும், வட்டுகளில் எழுதிப் படிக்கும் வேகத்தையும் அளந்து, அவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பின் அதற்கான காரணத்தைக் கண்டறியும் செயன்முறை ஆகும். ஒரு கோப்பு பயனரைச் சென்றடையும் முன் வட்டு, கோப்பு முறைமை, நினைவகம், வலையமைப்பு அட்டை, வடம், நிலைமாற்றி எனப் பல கட்டங்களைக் கடக்கின்றது. இவற்றுள் மிக மெதுவான கட்டமே முழுப் பாதையின் வேகத்தையும் தீர்மானிக்கின்றது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அளப்பது இச்சோதனையின் அடிப்படை விதியாகும். அளக்காமல் ஊகத்தின்பேரில் வன்பொருளை மாற்றினால், பணம் செலவான பின்னரும் பழுது நீடிக்கக்கூடும்.

அளவைகள்

இச்சோதனையில் மூன்று அளவைகள் முதன்மையானவை.

* செலுத்துவீதம் - ஒரு நொடியில் கடத்தப்படும் தரவின் அளவு.
* தாமதம் - ஒரு கோரிக்கைக்கு விடை கிடைக்க ஆகும் நேரம்.
* செயல் எண்ணிக்கை - ஒரு நொடியில் வட்டு நிறைவேற்றும் படித்தல், எழுதுதல் ஆகியவற்றின் எண்ணிக்கை.

வலையமைப்பு வேகம் வழமையாகப் பிட்டுகளிலும், வட்டின் வேகம் பைட்டுகளிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. இவ்வேறுபாட்டைக் கவனியாமல், சரியாக இயங்கும் இணைப்பையே பழுதானது எனக் கருதிவிடுவது உண்டு.

வலையமைப்புச் சோதனை

முதற்கட்டச் சோதனைக்குப் பிங் கட்டளை பயன்படுகின்றது. இதனை 1983 ஆம் ஆண்டு மைக் மூசு எழுதினார். இது பொதி சென்று திரும்பும் நேரத்தையும், பொதி இழப்பையும் காட்டும். ஆயினும் பிங் சிறிய பொதிகளைச் சிறிது சிறிதாகவே அனுப்புவதால், பெருமளவு தரவு செல்லும்போது இணைப்பு எவ்வாறு இயங்கும் என்பதை அதனால் கூற இயலாது.

அதற்கு ஐபெர்ஃப் போன்ற மென்பொருட்கள் உதவுகின்றன. இவை ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றொன்றின் நினைவகத்திற்குத் தரவை அனுப்புகின்றன. வட்டு இதில் பங்குபெறாமையால், கிடைக்கும் விடை வலையமைப்பைப் பற்றியது மட்டுமே. கிகாபிட் ஈத்தர்நெட்டின் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது 125 மெகாபைட்டு. பொதிகளின் தலைப்பகுதிகளுக்கு ஆகும் இடம் போக, டிசிபி நெறிமுறையில் ஏறத்தாழ 940 மெகாபிட், அதாவது 118 மெகாபைட்டு கிடைக்கும். இவ்வளவு கிடைத்தால் வடமும், அட்டையும், நிலைமாற்றியும் நன்றாக உள்ளன எனக் கொள்ளலாம். ஏறத்தாழ 94 மெகாபிட் மட்டும் கிடைத்தால், இணைப்பு 100 மெகாபிட் வேகத்திற்கு இறங்கியுள்ளது என ஐயுறலாம். கிகாபிட் வேகத்திற்கு வடத்தின் 4 இணைக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டிற்கு 2 இணைகளே போதும். ஆதலால் ஓர் இணை அறுந்த வடமும் இணைப்பை மெதுவாக இயங்கவிட்டு, பழுதை மறைத்துவிடக்கூடும். லினக்சு இயங்குதளத்தில் எத்டூல் கட்டளை இணைப்பின் வேகத்தைக் காட்டும்.

தொலைதூர இணைப்புகளில் தாமதமே செலுத்துவீதத்தைக் கட்டுப்படுத்தக்கூடும். டிசிபி, ஏற்பு கிடைக்கும் முன் ஓர் அளவிற்கு மேல் தரவை அனுப்புவதில்லை. அவ்வளவு 64 கிலோபைட்டாகவும், சென்று திரும்பும் நேரம் 100 மில்லிநொடியாகவும் இருப்பின், இணைப்பு எவ்வளவு வேகமானதாயினும் ஓர் இணைவில் நொடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. இவ்வரம்பை உயர்த்தும் முறை 1992 ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. இதே தொலைவில் கிகாபிட் இணைப்பு முழுமையாகப் பயன்பட வேண்டுமெனில், எந்நேரமும் 12.5 மெகாபைட்டு தரவு வழியில் இருத்தல் வேண்டும்.

வேகக் குறைவிற்குக் கம்பியே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு 1986 ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. லாரன்சு பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கெசம் மட்டுமே. அவற்றிற்கு இடையே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலின்போது கணினிகள் பொதிகளை மேலும் மேலும் மறுபடி அனுப்பியதே காரணம் எனக் கண்டு, 1988 இல் தீர்வுகளை வெளியிட்டார்.

சேமிப்பகச் சோதனை

வன்தட்டின் வேகம் அது பயன்படுத்தப்படும் முறையைப் பொறுத்துப் பெரிதும் மாறும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கின்றது. தேவையான இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். படிக்கும் தலை நகர்வதற்கு 8 மில்லிநொடி எனக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 80 செயல்களே நிகழும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட்டு எனில், கிடைப்பது 320 கிலோபைட்டு. அதே வன்தட்டு, தொடர்ச்சியாகப் படிக்கையில் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரவல்லது. நகரும் பாகங்கள் அற்ற திண்மநிலை வட்டுகளில் இவ்வேறுபாடு மிகக் குறைவு.

எழுதப்படும் தரவை இயங்குதளம் முதலில் நினைவகத்தில் வைத்து, பின்னரே வட்டுக்கு அனுப்புகின்றது. எனவே சிறிய கோப்பொன்றை டிடி கட்டளையால் எழுதிப் பார்ப்பவர், வட்டின் வேகத்திற்குப் பதிலாக நினைவகத்தின் வேகத்தையே அளந்திருக்கக்கூடும். நினைவகத்தைவிடப் பெரிய கோப்பைப் பயன்படுத்துதல், அல்லது நினைவகத்தைத் தவிர்த்து வட்டில் நேரடியாக எழுதுதல் இதற்கு மாற்றாகும். யென்சு ஆக்சுபோ உருவாக்கிய ஃபியோ மென்பொருளில் இவ்வசதிகள் உள்ளன. கோப்பிற்குப் பதிலாக வட்டின் பெயரையே கொடுத்து எழுதும் சோதனையை இயக்கினால், அதிலுள்ள தரவு அழிந்துவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியில் ஐஓஸ்டாட் கட்டளை ஒவ்வொரு வட்டின் காத்திருப்பு நேரத்தைத் தருகின்றது. அது காட்டும் பயன்பாட்டு விழுக்காடு, ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை நிறைவேற்றும் திண்மநிலை வட்டுகளுக்குப் பொருந்தாது. 100 விழுக்காடு எனக் காட்டும்போதும் அவ்வட்டால் மேலும் பணியை ஏற்க இயலும்.

புறச்சூழலும் வேகத்தைப் பாதிக்கும். 2008 இல் சன் மைக்ரோசிஸ்டம்சு நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், வன்தட்டுகளின் முன் உரக்கக் கத்தும்போது அவற்றின் தாமதம் உயர்வதை நிகழ்படமாகக் காட்டினார். அதிர்வே இதற்குக் காரணம்.

பழுதறியும் வரிசை

1. வட்டு இன்றி, வலையமைப்பை மட்டும் அளத்தல்.
2. வலையமைப்பு இன்றி, வழங்கியிலேயே வட்டை மட்டும் அளத்தல்.
3. இரண்டையும் சேர்த்து, உண்மையான கோப்புகளைக் கொண்டு அளத்தல்.
4. முதலிரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் குறைந்தால், கோப்புப் பகிர்வு நெறிமுறை, மறையீடு, மிகுதியான சிறு கோப்புகள் ஆகியவற்றை ஆராய்தல்.
5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மீண்டும் அளத்தல்.

வழங்கி நன்றாக இயங்கும் காலத்திலேயே இவ்வளவுகளைக் குறித்து வைத்தல் வேண்டும். ஒப்பிட முந்தைய அளவு இல்லாதவிடத்து, எது குறைந்தது எனக் கூறுதல் கடினம்.

முக்கியத்துவம்

வட்டு பழுதாகிக் காப்புப் படியிலிருந்து தரவை மீட்கும்போது இவ்வெண்களின் பொருள் தெளிவாகின்றது. 1 டெராபைட்டு தரவைக் கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் 2 மணி 21 நிமிடங்களில் கடத்திவிடும். அதே தரவு சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட்டுத் துண்டுகளாக மேற்கூறிய வன்தட்டிலிருந்து படிக்கப்படுமாயின், ஏறத்தாழ 35 நாட்கள் ஆகும். இந்நிலையில் வலையமைப்பைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் மீட்பு விரைவுபடாது. ஆகவே காப்புப் படி எடுக்கும் நேரத்தை மட்டுமன்றி, அதனை மீட்கும் நேரத்தையும் முன்கூட்டியே அளந்தறிவது இச்சோதனையின் பயன்களுள் முக்கியமானதாகும்.