ஐந்து பவுன் அபராதம்

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இங்கிலாந்தில் ஸௌதாம்ப்டன் நகரக் கோர்ட்டுக்கு ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. ஒருவர் மதுக்கடையில் தம் மனைவிக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் குற்றம். மனைவி தந்த ஆறு பென்ஸைத்தான் கடையில் கொடுத்ததாக அவர் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அவருக்கு அபராதம். குடித்த அம்மாளுக்கு ஒரு பவுன். ஊற்றிக் கொடுத்த சிப்பந்திப் பெண்ணுக்கோ ஐந்து பவுன்!

கதை எழுதுகிறவனுக்குத் தம்பதிகளைவிட அந்தப் பெண்ணின் மேல்தான் கண் போகும். அவள் செய்தது என்ன? கேட்டதைக் கொடுத்தாள்.

அப்போது முதல் உலக யுத்தம். ஜெர்மனி, ஆஸ்திரியா, குடி ஆகிய மூன்று பகைவர்களில் குடியே கொடியது என்று லாயிட் ஜார்ஜ் 1915இல் முழங்கினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரண்மனையில் மதுவை நிறுத்தினார். மதுக்கடைகளை அடக்க ஒரு வாரியம் பிறந்தது. ஒருவர் மற்றொருவருக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பது அது போட்ட உத்தரவு. ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்குவது அந்த நாட்டு மரியாதை. ஒரு கிளாஸ் போதும் என்று வந்தவனும் ஐந்து குடித்தே தீர வேண்டும்! சாப்பாட்டுடன் சேர்த்து வாங்கித் தந்தால் மட்டும் குற்றமில்லை.

குடிவெறியில் இருப்பவனுக்கு ஊற்றினால் கடைக்காரனுக்குப் பத்துப் பவுன் வரை அபராதம் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் விற்றால்தான் பிழைப்பு என்று ஒருவனை உட்கார்த்திவிட்டு, "விற்காதே" என்று அவனையே காவல் வைப்பது என்ன நியாயம், சொல்லுங்கள்?

இந்த முடிச்சை அவிழ்க்கத் துணிந்த ஊர் கார்லைல். அதற்குப் பக்கத்தில் கிரெட்னாவில் மைல்கணக்கில் நீண்ட வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. கட்டட வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான கூலிகள் சாயங்கால ரயிலில் வந்து இறங்குவார்கள். கடையில் விஸ்கி கிளாஸ்கள் முன்கூட்டியே வரிசையாக ஊற்றித் தயாராக இருக்குமாம். 1916இல் சர்க்கார் அந்த வட்டாரத்து மதுக்கடைகளையும் பீர் ஆலைகளையும் தானே வாங்கிவிட்டது. பல கடைகளை மூடியது, விளம்பரங்களைக் கழற்றியது, விஸ்கியும் அதன் மேல் பீருமாக அடுத்தடுத்துக் குடிக்கும் வழக்கத்தைத் தடுத்தது.

இவற்றையெல்லாம்விட நான் வியப்பது வேறொரு காரியத்தை. கடை மானேஜருக்கு மாதச் சம்பளம். எத்தனை பீப்பாய் விற்றாலும் பீருக்குக் கமிஷன் கிடையாது. சாப்பாடு விற்றால் கமிஷன் உண்டு! 1916 ஜூலையில் கார்லைலின் பழைய தபாலாபீஸ் கட்டடத்தில் திறந்த 'கிரெட்னா டாவர்ன்' கடையில் தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "போதும் ஐயா, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லும் சிப்பந்திக்கு இனி அரைக் காசு நஷ்டமில்லை. அதற்கு முன்பே, 1865 முதல் ஸ்வீடனில் கோதன்பர்க் நகரம் இதே யோசனையைக் கையாண்டதுண்டு. விற்பவனுக்கு லாபத்தில் ஆசை இருக்கக் கூடாது என்பதே சூத்திரம்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. தன் பீர் எப்படி இருக்க வேண்டும் என்று சர்க்கார் குமாஸ்தா தீர்மானிப்பதா என்று குடிமக்கள் முணுமுணுத்தார்கள். (இங்கே 'குடிமக்கள்' என்பதை இரு பொருளிலும் கொள்ளலாம்!) ஆயினும் ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞர் 1927 முதல் புதுப் புதுக் கடைகளை அழகாகக் கட்டிக்கொண்டே போனார்.

வாங்கிக் கொடுக்கக் கூடாதென்ற உத்தரவு யுத்தத்தோடு போயிற்று. கார்லைல் ஏற்பாடு மட்டும் இன்னொரு யுத்தத்தையும் தாண்டி வாழ்ந்தது. 1971இல் பார்லிமெண்டு அதை ஒழிக்கச் சட்டம் செய்தது; 1973இல் கடைகள் விற்கப்பட்டு, மறுபடியும் தனியார் கைக்குப் போய்ச் சேர்ந்தன.