அடுத்து வருபவரின் உரிமை: திருவிதாங்கூர்ப் பறவைப் பட்டியல்களும் எண்ணிக்கையின் அறமும்

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். குறிகைகளில் பொதுமக்கள் பயன்பாட்டிற்கென வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. சாதாரணக் கருவியும் ஓரிடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டக்கூடிய நிலை உருவானது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டுப்புறத்தில் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. அதன் ஒழுக்கவிதிகள் எளியவை: பெட்டியைக் கண்டவர் ஏட்டில் பெயரும் நாளும் எழுத வேண்டும், ஒன்றை எடுத்தால் ஈடான வேறொன்றை வைக்க வேண்டும், பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தவாறே திரும்ப வைக்க வேண்டும். விதிகள் பலவாயினும் அவை காப்பது ஒன்றையே: அடுத்து வருபவர் அதனைக் கண்டடையும் உரிமை.

விளையாட்டு பரவியபின் ஒவ்வொருவர் பெயருக்கும் அருகே அவர் கண்டடைந்த பெட்டிகளின் எண்ணிக்கை நின்றது. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. பாலைநிலச் சாலைகளில் சரியாக அந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒரே நாளில் எண்ணிக்கையைப் பெருக்கும் வழக்கம் தோன்றியது. சிலர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, முந்தைய இடத்தில் எடுத்ததை அங்கே வைத்துவிட்டு, ஓடும் வண்டியிலேயே ஏட்டில் பெயரெழுதினர். எண்ணிக்கை உயர்ந்தது, எந்தப் பெட்டியும் தன் இடத்தில் இல்லை. இது 'கண்டடைதல்' ஆகுமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை.

இவ்வழக்கு புதியதன்று. கண்டடைதலுக்குச் சான்று எது, அச்சான்று யாருக்கு உரியது என்ற கேள்வி, திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்ட பறவையாய்வில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் எழுந்துவந்துள்ளது. அங்கே பெட்டியின் இடத்தில் இருப்பது உயிருள்ள பறவை என்பதால் கேள்வியின் கனமும் கூடுகிறது.

திருவிதாங்கூர் மலைப்பறவைகளின் முதற்பட்டியல்களுள் ஒன்று 1876இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அவ்விதழை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படும் அதே ஆங்கில அதிகாரி. திருவிதாங்கூரிலிருந்து அவருக்குப் பறவைத் தோல்களையும் குறிப்புகளையும் அனுப்பியவர் ஃபிராங்க் போர்டிலன். இம்மலைகளின் பெரிய பக்கியினம் ஒன்றுக்கு ஹியூம் இட்ட பெயரில் போர்டிலனின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காட்டில் வழி காட்டியவர்கள், கூடிருந்த மரத்தைச் சுட்டியவர்கள், தோலுரித்துப் பஞ்சடைத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் இத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் ஏறவில்லை. கண்டவர் ஒருவர், கணக்கில் ஏற்றப்பட்டவர் மற்றொருவர் என்ற பிளவு பட்டியலின் பிறப்பிலேயே இருந்தது.

அக்காலத்தில் சான்று என்பது உடல். சுடப்பட்டு, பாடம் செய்யப்பட்டு, காலில் சீட்டுக் கட்டப்பட்ட தோல் இல்லாமல் ஒரு பறவையைக் கண்டதாகக் கூறுவது ஐயத்திற்கு இடமானது. இதில் ஓர் அறிவியல் நியாயம் உண்டு. தோலை மற்றொருவர் எடுத்து அளக்கலாம், ஒப்பிடலாம், மறுக்கலாம். ஆயினும் தோலுக்கு உயிர் கொடுப்பது சீட்டும் குறிப்பேடுமே. ஹியூமின் வாழ்க்கை இதற்குக் கசப்பான சான்று. இந்தியப் பறவைகள் குறித்து அவர் எழுதத் திட்டமிட்டிருந்த பெருநூலுக்காகப் பல்லாண்டுகள் திரட்டிய கையெழுத்துக் குறிப்புகளை, அவர் சிம்லாவில் இல்லாத வேளையில், பணியாள் ஒருவர் பழைய தாளாகக் கடைவீதியில் விற்றுவிட்டார். மனமுடைந்த ஹியூம் 1885இல் 80,000க்கும் மேற்பட்ட தோல்களும் முட்டைகளும் கொண்ட தம் தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொடையளித்தார். எண்ணிக்கை லண்டன் சென்று சேர்ந்தது. கூடு, குரல், பருவம், நடத்தை பற்றி அவர் எழுதிவைத்தவற்றுள் பெரும்பகுதி பொட்டலத் தாளாகிப் போனது.

திருவனந்தபுரத்தில் 1857இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இவ்வரலாற்றில் வேறொரு பங்கை ஆற்றியது. தொகுப்பு, அது திரட்டப்பட்ட நிலத்திலேயே தங்க இடம் கிடைத்தது. அதன் இயக்குநராக இருந்த ஹெரால்ட் ஃபெர்குசனும், திருவிதாங்கூர் வனத்துறைத் தலைவராக இருந்த டி. எஃப். போர்டிலனும் சேர்ந்து எழுதிய திருவிதாங்கூர்ப் பறவைகள் பற்றிய தொடர் கட்டுரை, 1903 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பறவைகள் கூடுகட்டும் முறை குறித்த குறிப்புகள் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றன. ஓரினம் இங்கே 'உண்டு' என்பதோடு நிற்காமல், எங்கே, எப்போது, எவ்வாறு வாழ்கிறது என்ற கேள்விக்குப் பட்டியல் நகரத் தொடங்கியது.

அந்நகர்வை முழுமையாக்கியவர் சாலிம் அலி. திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவோடு 1933இல் அவர் மேற்கொண்ட கள ஆய்வில் மனைவி தெஹ்மினாவும், திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என். ஜி. பிள்ளையும் உடனிருந்தனர். அவரும் துப்பாக்கி ஏந்தியே சென்றார், தோல்களைத் திரட்டினார், வகைப்பாட்டில் ஹியூ விஸ்லரின் துணையைப் பெற்றார். ஆனால் 1935 முதல் 1937 வரை வெளிவந்த அறிக்கையில் ஒவ்வோர் இனத்திற்கும் இடம், நாள், உயரம், வாழிடம், இரை, இனப்பெருக்க நிலை ஆகியவை பதிவாயின. இவ்வறிக்கையின் அடிப்படையில் உருவான நூல் 1953இல் 'திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள்' எனவும், 1969இல் 'கேரளப் பறவைகள்' எனவும் தலைப்பேற்றது. இடைப்பட்ட 1956இல் மொழிவழி மாநிலப் பிரிவினையால் கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆரல்வாய்மொழியின் வறண்ட நிலத்துப் பறவை அதே புதரில்தான் அமர்ந்திருந்தது. அது எந்த மாநிலத்தின் கணக்கு என்பது மட்டும் மாறியது. மாநிலவாரி எண்ணிக்கையில் பெருமை கொள்வோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

சாலிம் அலியின் குறிப்புகளின் மதிப்பு முக்கால் நூற்றாண்டு கழித்து விளங்கியது. 2009இல் சி. சசிகுமார் தலைமையிலான குழு, கேரள வனத்துறைக்காக அவர் சென்ற தென்கேரளத் தடங்களைத் தேடிச் சென்று மீண்டும் பறவைகளைக் கணக்கிட்டது. எந்த இனம் குறைந்தது, எது புதிதாக வந்தது, எந்தக் காடு தோட்டமாயிற்று என்பதை ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், முதலில் சென்றவர் தம் தடத்தை அழியாமல் விட்டுச்சென்றதே. ஜியோகேச்சிங்கின் சொல்லில் சொன்னால், ஏடு அதன் இடத்திலேயே இருந்தது.

இதற்கிடையே உலக அளவில் சான்றின் இலக்கணமே மாறியிருந்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து வேட்டையாடி, மிகுதியாகச் சுட்டுக் குவித்த அணியை வென்றதாகக் கொள்ளும் வழக்கம் ஒன்று இருந்தது. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர், சுடுவதற்கு மாற்றாக எண்ணுங்கள் என்றார். அவ்வாண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். சாப்மன் போட்டியுணர்வை ஒழிக்க முயலவில்லை. குவியலின் இடத்தில் பட்டியலை வைத்தார். இந்த மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. தோல் தானே சாட்சி சொல்லும். பட்டியலுக்கு எழுதியவரின் நேர்மையன்றி வேறு சாட்சி இல்லை. கேரளத்தில் இப்பண்பாடு வேரூன்ற, 'இந்துசூடன்' என்னும் புனைபெயரில் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டனின் 'கேரளத்திலே பக்ஷிகள்' என்னும் நூல் பெருந்துணையாயிற்று. 1958இல் வந்த அந்நூல், துப்பாக்கியும் ஆங்கிலமும் இல்லாத வாசகரையும் நம்பகமான சாட்சியாக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிக் காலத்திற்குச் சட்டவழி முற்றுப்புள்ளி வைத்தது.

2002இல் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் முன்னின்று தொடங்கிய இ-பேர்ட் தளம், இவ்விரு மரபுகளையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. அங்கே மாவட்டவாரியாக, மாநிலவாரியாக அதிக இனங்களைக் கண்டோரின் வரிசை உண்டு. அதே தளம் கண்ட இனங்கள் அனைத்தையும் எழுதும் 'முழுப் பட்டியலை'யும் கேட்கிறது. இரண்டும் இருவேறு மனநிலைகளைக் கோருகின்றன. வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்களில் அரிய வலசைப் பறவை ஒன்று இறங்கியதாகச் செய்தி பரவினால், வரிசையில் முந்த விரும்புபவர் அதனை மட்டும் கண்டு திரும்பலாம். முழுப் பட்டியல் எழுதுபவர் காகத்தையும் மைனாவையும் எண்ணியாக வேண்டும். ஒரு பறவை பட்டியலில் இல்லாததும் அப்போதுதான் ஒரு தரவாகிறது.

2015 முதல் 2020 வரை நடைபெற்ற கேரளப் பறவை வரைபடத் திட்டம் இரண்டாவது மனநிலையின் மேல் எழுந்தது. மாநிலம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் தெரிவான கட்டங்களில் ஆண்டுக்கு இரு பருவங்களில் 15 நிமிடப் பட்டியல்கள் எழுதப்பட்டன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 25,000 பட்டியல்களில் சுமார் 3 லட்சம் பதிவுகளைச் சேர்த்தனர். பதிவான இனங்கள் 361. குலுக்கலில் விழுந்த கட்டம் ரப்பர்த் தோட்டமாக இருக்கலாம், நகரத் தெருவாகவும் இருக்கலாம். அங்கே செலவிட்ட காலை, தன்னார்வலரின் சொந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டாமல் போகலாம். இத்திட்டத்தின் வலிமை அந்தக் காலைகளில் இருக்கிறது.

எண்ணிக்கை எவ்வளவு நிலையற்றது என்பதைப் பொதிகை மலைத்தொடர் அண்மையில் உணர்த்தியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள உயர்சோலைகளில் வாழும் சிறு பறவையொன்று 2017இல் தனியினமாக அறிவிக்கப்பட்டு, அசம்பு மலையின் பெயரைத் தன் அறிவியற்பெயரில் ஏற்றது. வலையில் பிடித்துக் குருதித்துளி எடுத்து விடுவிக்கப்பட்ட பறவைகளின் மரபணு ஆய்வு இம்முடிவிற்கு அடிப்படையாயிற்று. அதன் பேரினப் பெயரான 'ஷோலிகோலா'வில் நம் 'சோலை' ஒலிக்கிறது. இவ்வறிவிப்பை ஏற்கும் பட்டியல்களில், முன்பே வடக்கிலும் தெற்கிலும் இப்பறவைகளைக் கண்டிருந்தோரின் கணக்கு வீட்டிலிருந்தபடியே ஒன்று உயர்ந்தது; எங்கே கண்டோம் என்று எழுதிவைக்காதோர்க்கு அதுவும் வாய்க்கவில்லை. 1999இல் மடகாஸ்கரில் சாலை விபத்தில் இறந்தபோது 8,398 இனங்களைக் கண்டிருந்த ஃபீபி ஸ்னெட்சிங்கர், உள்ளினங்களையும் விடாமல் குறித்துவந்தவர். உலக அளவில் எண்ணிக்கையை மிகக் கடுமையாகத் துரத்தியவர்களுள் ஒருவரும் இறுதியில் குறிப்பேட்டையே நம்பினார் என்பது கருதத்தக்கது.

ஆகவே எண்ணிக்கை வேட்கையை வெறும் தற்பெருமை என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஹியூமின் வேட்கை இல்லாமல் முதற்பட்டியல் இல்லை. போட்டியுணர்வு இல்லாமல் சாப்மனின் கணக்கெடுப்பு இவ்வளவு பரவியிராது. வரலாறு கேட்பது வேறொன்று: இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள தடத்தில் இன்னொருவர் நடக்க இயலுமா? கூட்டின் மிக அருகே சென்று படமெடுப்பவர், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை மீண்டும் மீண்டும் வெளியே வரவழைப்பவர், காணாததைக் கண்டதாக எழுதுபவர் ஆகிய மூவரும் செய்யும் தவறு ஒன்றே. பெட்டியை இடம் மாற்றிவிட்டு ஏட்டில் பெயரெழுதியவரைப்போல, அவர்கள் தம் எண்ணில் ஒன்றைக் கூட்டி, அடுத்து வருபவரின் கணக்கில் ஒன்றைக் கழிக்கிறார்கள்.

இன்னும் தீராத பழைய கடன் ஒன்றும் உண்டு. தோலுரித்தவர்கள், வழி காட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் அருங்காட்சியகச் சீட்டுகளிலும், சேர்க்கைப் பதிவேடுகளிலும், சம்பளக் கணக்குகளிலும் சிதறிக் கிடக்கக்கூடும். திருவனந்தபுரத்து ஆவணங்களில் பணிபுரியும் இளம் ஆய்வாளர் ஒருவர் அவற்றைத் தேடி எடுத்தால், இந்நிலத்துப் பறவைப் பட்டியலில் ஓர் இனமும் கூடாது. அதன் உண்மை கூடும்.