பன்றிமுடிச் சவரத் தூரிகை

பன்றிமுடிச் சவரத் தூரிகை என்பது, முகச் சவரத்துக்கு முன்னர் சோப்பை அல்லது சவரக் களிம்பை நீருடன் கலந்து நுரையாக்கி முகத்தில் பூசுவதற்குப் பயன்படும், பன்றியின் முரட்டு முடியால் செய்யப்பட்ட தூரிகை ஆகும். பேச்சு வழக்கில் இது ஷேவிங் பிரஷ் என்றே அழைக்கப்படுகின்றது. விலங்கு முடியால் ஆன சவரத் தூரிகைகளுள் பொதுவாக விலை குறைந்தது இதுவேயாகும். புதிதாக உள்ளபோது முரடாக இருந்து, பயன்படுத்தப் பயன்படுத்த மென்மையாவது இதன் சிறப்பியல்பு. ஆகையால் கடையில் ஒருமுறை தொட்டுப் பார்த்து இதன் தரத்தை முடிவு செய்ய இயலாது. முடியின் நுனி, கற்றையின் அடர்த்தி, முடியின் உயரம் ஆகியவற்றைக் கொண்டே நல்ல தூரிகையை அறிய வேண்டும்.

அமைப்பு

சவரத் தூரிகை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று முடிக்கற்றை, மற்றொன்று கைப்பிடி. முடிகள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, அடிப்பகுதி பசையால் இறுக்கப்பட்டு, கைப்பிடியில் உள்ள குழியில் பொருத்தப்படுகின்றன. கைப்பிடிகள் மரம், நெகிழி, உலோகம், செயற்கைப் பிசின் போன்றவற்றால் செய்யப்படுகின்றன.

தூரிகைகளை ஒப்பிட இரண்டு அளவுகள் பயன்படுகின்றன. கற்றை கைப்பிடியில் நுழையும் இடத்தில் உள்ள விட்டம் முதலாவது. இது பெரும்பாலும் 20 மி.மீ. முதல் 30 மி.மீ. வரை இருக்கும். கைப்பிடிக்கு மேல் தெரியும் முடியின் உயரம் இரண்டாவது. பன்றிமுடித் தூரிகைகளில் இது பொதுவாக 50 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும்.

பன்றி முடியின் இயல்புகள்

பன்றி முடியும் மனித முடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஆயினும் அது தடித்தது, விறைப்பானது. அடிப்பகுதி பருத்தும் நுனி மெலிந்தும் இருக்கும். நுனி இயற்கையிலேயே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இழைகளாகப் பிளந்திருக்கும். இப்பிளவே பன்றி முடியின் பெருமதிப்புக்குக் காரணம். பிளவுபட்ட நுனிகள் தோலில் மென்மையாகப் படுகின்றன. அவற்றுக்கிடையே நீரும் நுரையும் தங்குகின்றன. வண்ணம் பூசும் தூரிகைகளில் பன்றி முடி விரும்பப்படுவதற்கும் இதுவே காரணமாகும்.

பன்றி முடியின் மற்றோர் இயல்பு நீரை உறிஞ்சுதல். நீரில் ஊறிய முடி விறைப்புக் குறைந்து மென்மையாகின்றது. அதனால் உலர்ந்த நிலையில் முட்போல் குத்தும் தூரிகை, ஊறிய பின் வேறொன்றாக மாறிவிடுகின்றது.

இம்முடி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றிகளிலிருந்து துணைப்பொருளாகக் கிடைக்கின்றது. சீனா நெடுங்காலமாக இதன் முதன்மையான மூலமாக இருந்து வருகின்றது. இந்தியாவில் கான்பூர் பன்றிமுடி வணிகத்துக்குப் பெயர் பெற்ற நகரமாகும்.

பிற வகைகளுடன் ஒப்பீடு

• வளைக்கரடி முடி: நுனி மிக மெல்லியது. முடிகளுக்கு இடையே அதிக நீரைத் தாங்கும். ஊறவைக்க வேண்டிய நேரம் குறைவு. விலை அதிகம். பிரெஞ்சு மொழியில் 'பிளேரோ' என்னும் ஒரே சொல் இவ்விலங்கையும் சவரத் தூரிகையையும் குறிக்கின்றது.
• குதிரை முடி: பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. விறைப்பில் பன்றி முடிக்கும் வளைக்கரடி முடிக்கும் இடைப்பட்டது.
• செயற்கை இழை: நீரை உறிஞ்சுவதில்லை, விரைவில் உலர்கின்றது, பழக்க வேண்டியதில்லை. விலங்குப் பொருட்களைத் தவிர்ப்போருக்கு ஏற்றது.

கடினமான சவரச் சோப்புக் கட்டியிலிருந்து நுரை எடுப்பதற்குப் பன்றிமுடியின் விறைப்பு மிகவும் ஏற்றதாகும். இத்தாலி, எசுப்பானியா, போர்த்துகல் ஆகிய நாடுகளில் பன்றிமுடித் தூரிகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இத்தாலியின் பொலோனியா நகரில் 1931 இல் தொடங்கப்பட்ட ஒமேகா, போர்த்துகலில் 1955 இல் தொடங்கப்பட்ட செமோகு ஆகியன இவ்வகையில் அறியப்பட்ட நிறுவனங்கள்.

வரலாறு

முதல் உலகப் போரும் அடைப்பான் நோயும்

சவரத் தூரிகையின் மூலப்பொருள் உயிர் தொடர்பான சிக்கலாக மாறிய நிகழ்வு முதல் உலகப் போரின்போது ஏற்பட்டது. போருக்கு முன்னர் உருசியாவில் கிடைத்த வளைக்கரடி முடி செருமனியில் பதப்படுத்தப்பட்டு ஏனைய நாடுகளுக்குச் சென்றது. போரினால் இவ்வழி அடைபட்டது. அதே வேளையில் படைவீரர்களுக்குப் பெருமளவில் தூரிகைகள் தேவைப்பட்டன. இறக்குமதி செய்யப்பட்ட மலிவான குதிரை முடி, வளைக்கரடி முடி போலத் தோன்றுமாறு மாற்றப்பட்டுத் தூரிகைகளில் சேர்க்கப்பட்டது. அவற்றுள் சில முறையாகத் தொற்று நீக்கம் செய்யப்படவில்லை.

இதன் விளைவாகப் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் படைவீரர்களும் பொதுமக்களும் அடைப்பான் நோய்க்கு ஆளாயினர். ஆந்திராக்சு எனப்படும் இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி, வித்து நிலையில் விலங்கு முடியில் பல ஆண்டுகள் உயிர்வாழ வல்லது. கத்தி பட்ட சிறு கீறல் வழியே அது முகத்திலும் கழுத்திலும் புகுந்தது. நோயுற்றோர் பலர் புதிய தூரிகையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. எதிருயிரி மருந்துகள் இல்லாத காலமாதலால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. பிரித்தானியாவில் 1919 இல் அடைப்பான் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொற்று ஏற்படுத்தக்கூடிய பொருட்களின் இறக்குமதியைத் தடை செய்ய இச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது.

இந்நோய்ப் பரவலில் முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டது குதிரை முடியே. ஆயினும் எந்த விலங்கின் முடியாக இருந்தாலும் அதன் மூலமும் பதப்படுத்திய முறையும் மறைக்கப்படும்போது ஆபத்து நேரலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. இன்று பழம்பொருளாக விற்கப்படும் அக்காலத் தூரிகைகளால் நோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. எனினும் அவற்றைக் காட்சிப் பொருளாக வைத்திருப்பதே பாதுகாப்பானது.

இரண்டாம் உலகப் போரும் அதன் பின்னரும்

இரண்டாம் உலகப் போரில் பன்றி முடி போர்க்கால முக்கியத்துவம் வாய்ந்த பொருளாகக் கருதப்பட்டது. கப்பல்களுக்கும் தளவாடங்களுக்கும் வண்ணம் பூசும் தூரிகைகளுக்கு அது தேவைப்பட்டதே காரணம். சப்பானின் முற்றுகையால் கடல்வழி தடைப்பட்டதால், சீனாவிலிருந்து இமயமலையைக் கடந்து இந்தியாவுக்குத் திரும்பிய வானூர்திகளில் பன்றி முடியும் ஏற்றிவரப்பட்டது.

1938 இல் நைலான் இழை பல்துலக்கிகளில் பயன்படுத்தப்பட்டது முதல், பன்றி முடியின் இடத்தைச் செயற்கை இழை படிப்படியாகப் பிடித்தது. அழுத்தக் குப்பியில் அடைத்த ஆயத்த நுரை 1949 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமானது. இதன் பின்னர் சவரத் தூரிகையின் பயன்பாடு பல நாடுகளில் குறைந்தது.

தேர்ந்தெடுத்தல்

1. நுனி: நல்ல தூரிகையில் முடியின் இயற்கையான நுனி வெளிப்புறம் இருக்குமாறு கற்றை கட்டப்பட்டிருக்கும். மலிவான சிலவற்றில் மேற்பகுதி வடிவத்துக்காக வெட்டப்பட்டிருக்கும். வெட்டிய நுனி தட்டையாக இருப்பதால் தோலைக் குத்தும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இயற்கை நுனிகள் மெலிந்து வெளிறித் தெரியும்.

2. முழுநீள முடியின் விழுக்காடு: சில தூரிகைகளில் 90 விழுக்காடு போன்ற குறிப்பு காணப்படும். கற்றையில் உள்ள முடிகளுள் எத்தனை பங்கு குறித்த முழு நீளத்தை உடையன என்பதை இது குறிக்கும். இவ்விழுக்காடு கூடுதலாக இருந்தால் நுனிப் பகுதி அடர்த்தியாக இருக்கும்.

3. அடர்த்தி: கற்றையை நடுவில் விரலால் பிரித்துப் பார்க்கும்போது அடிப்பகுதியின் பசை எளிதில் தெரிந்தால் முடி குறைவாக உள்ளது எனக் கொள்ளலாம்.

4. உயரம்: ஒரு முனை இறுகப் பொருத்தப்பட்ட மெல்லிய கம்பியின் மறுமுனையில் விசை செலுத்தினால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமையும். முடிக்கும் இது ஏறத்தாழப் பொருந்தும். 50 மி.மீ. முடியைக் காட்டிலும் அதே பருமனுள்ள 60 மி.மீ. முடி ஏறக்குறைய 1.7 மடங்கு வளையும். எனவே முகத்திலேயே நுரை எழுப்ப விரும்புவோர் சற்றுக் குட்டையானதையும், கிண்ணத்தில் நுரை எழுப்புவோரும் மென்மையான தோல் உடையோரும் சற்று உயரமானதையும் தேர்ந்தெடுக்கலாம்.

5. நிறம்: வெளுக்கப்பட்ட முடி தொடக்கத்தில் சற்று மென்மையாக இருக்கும். வளைக்கரடி முடியைப் போல் தோன்றக் கருநிறப் பட்டை சாயமிடப்பட்ட பன்றிமுடித் தூரிகைகளும் விற்பனைக்கு வருகின்றன. பட்டை தரத்தின் அடையாளம் அன்று. தூரிகை எவ்வகை முடியால் ஆனது என்பது தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தே வாங்க வேண்டும்.

6. கைப்பிடி: ஈரக் கையில் வழுக்காததாக இருத்தல் வேண்டும். மரக் கைப்பிடியாயின் நீர் புகாத மேற்பூச்சு தேவை.

பழக்குதல்

புதிய தூரிகையில் விலங்கு வாடை இருப்பது இயல்பு. சோப்பு நீரில் சில முறை கழுவினால் அது நீங்கும். தொடக்கத்தில் ஓரிரு முடிகள் உதிர்வதும், எழுப்பிய நுரை விரைவில் மறைவதும் குறைபாடுகள் அல்ல. நாள்தோறும் நுரை எழுப்பி உலரவிட, நுனிகள் மேலும் பிளந்து மென்மையாகும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதன் பின்னரும் முடி தொடர்ந்து உதிருமானால் பசை சரியில்லை எனலாம்.

பயன்பாடும் பராமரிப்பும்

சவரத்துக்கு முன் தூரிகையை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்தல் வேண்டும். கொதிநீர் முடியையும் பசையையும் கெடுக்கும். நீரை உதறிய பின் சோப்பின் மீது சுழற்றி நுரை எடுக்கலாம். முகத்தில் அழுத்தித் தேய்த்தால் கற்றையின் நடுவில் முடிகள் முறியும்.

பயன்படுத்திய பின்னர் நுரை முழுதும் போகுமாறு அலசி, நீரை உதறி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பன்றி முடி நீரை உறிஞ்சுவதால் மெதுவாகவே உலரும். மூடிய பெட்டியில் ஈரத்துடன் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு தூரிகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இரண்டின் ஆயுளையும் நீட்டிக்கும்.

ஒருவர் பயன்படுத்திய தூரிகையை மற்றவர் பயன்படுத்தலாகாது. கீறல்களின் வழியே தோல் தொற்றுகளும் குருதிவழித் தொற்றுகளும் பரவும் வாய்ப்பு உண்டு. முடிதிருத்தும் நிலையங்களிலும் இது கவனிக்கப்பட வேண்டியதாகும்.

சமய, அறநெறி நோக்கு

இசுலாமியச் சட்ட அறிஞர் பலர் பன்றியின் முடியைத் தூய்மையற்றதாகக் கருதுகின்றனர். மலேசியாவில் பன்றியின் உறுப்புகளால் ஆன பொருட்களில் அதனைக் குறிப்பிட வேண்டும் என 2013 இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. 2017 இல் குறிப்பு இல்லாத வண்ணத் தூரிகைகள் அங்கு பறிமுதல் செய்யப்பட்டன. நனிசைவ நெறியைப் பின்பற்றுவோரும் விலங்கு முடித் தூரிகைகளைத் தவிர்க்கின்றனர். இத்தகையோர் உறையில் வெறுமனே 'இயற்கை முடி' என்று மட்டும் இருப்பின், அது பன்றி முடியாகவும் இருக்கலாம் என்பதை அறிந்திருத்தல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

• சவரக் கத்தி
• கெரட்டின்
• அடைப்பான் நோய்
• நைலான்